வெடித்தால்தான் குற்றமா?

பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நடந்தால் அன்று மாலைக்குள் முதல் தகவல் அறிக்கை தயாராகிவிடும். புகார் கொடுப்பவர் பெரும்பாலும் அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர். எதிரிகளாக உரிமையாளர், மேலாளர், போர்மேன் பெயர்கள் ஏறும். ஆலையைக் குத்தகைக்கு எடுத்தவர் யாரென்று தெரிந்தால் அவர் பெயரும் சேரும். சட்டப் பிரிவுகள் மட்டும் பெரிதாக மாறுவதில்லை. 2024 ஜூன் வரை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 286, 337, 338, அத்துடன் 304-ஏ அல்லது 304(2). ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவற்றுக்கு இணையான பிரிவுகள். கூடவே 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் 9-பி.

மறுநாள் போர்மேன் கைதான செய்தி நாளிதழில் வரும். உரிமையாளரைத் தனிப்படை தேடும். சில வாரங்களில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் முன்ஜாமீன் மனு. அதன் பிறகு அந்த வழக்கு என்ன ஆனதென்று ஊருக்குத் தெரியாது. சிவகாசியை அடுத்த திருத்தங்கலில் யாரிடம் வேண்டுமானாலும் பழைய விபத்துகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இறந்தவர் எந்த ஊர், யாருக்கு என்ன உறவு, எத்தனை பிள்ளைகளை விட்டுப் போனார் என்பது வரை சொல்வார்கள். அந்த வழக்கில் யாருக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று கேட்டால் பதில் வராது.

தண்டனை என்பது அடுத்தவர் அதே தவறைச் செய்யாமல் தடுப்பதற்கு என்கிறார்கள். யாருக்குமே தெரியாத தண்டனை யாரைத் தடுக்கும்?

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்ல. முதல் சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடி வந்தவர்கள், என்னவென்று பார்க்க வந்தவர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில் 13 பேர், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை முதல் தேதி சின்னக்காமன்பட்டி. நடுவில் ஒருவர், இருவர் இறந்த விபத்துகள் மாவட்டச் செய்திப் பக்கத்தோடு முடிந்துபோயின. திருத்தங்கலில் இருந்து எந்தப் பக்கம் பைக்கை எடுத்தாலும் இந்தப் பெயர்களில் ஒன்று வழிப் பலகையில் எதிர்ப்படும்.

ஒவ்வொரு முறையும் ‘கடும் தண்டனை வேண்டும்’ என்ற குரல் எழுகிறது. துக்க வீட்டில் எழும் அந்தக் குரலைத் தவறென்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் கடுமையைக் கூட்டுவது மட்டும் இந்த வட்டாரத்தில் உயிர்களைக் காப்பாற்றாது என்பதைச் சொல்லியாக வேண்டும். தண்டனை யாருக்கு, எப்போது, எதற்காக என்ற மூன்றும் இங்கே தலைகீழாகக் கிடக்கின்றன.

ஐந்தாவது ஆள் உட்காரும் நேரம்

வெடிபொருள் விதிகள் 2008 என்ன சொல்கின்றன என்பது ஃபயராபீஸ் எனப்படும் பட்டாசு ஆலையில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடையே குறிப்பிட்ட இடைவெளி வேண்டும். மருந்து கலப்பது தனி அறையில், அன்றைய தேவைக்கு மட்டும். கலந்த மருந்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். உரிமம் எந்த ரகத்துக்கோ அந்த ரகம் மட்டுமே செய்ய வேண்டும். உரிமத்தை இன்னொருவருக்குக் குத்தகைக்கு விடக் கூடாது.

நடப்பது வேறு. தீபாவளிக்கு நாலைந்து மாதம் இருக்கும்போதே ஆர்டர் நெருக்கும். நான்கு பேர் அறையில் ஆறு, ஏழு பேர் உட்காருவார்கள். அறை போதாமல் மரத்தடியில் சாக்கை விரித்து வேலை நடக்கும். 15 கிலோ மருந்து மட்டுமே வைத்துக்கொள்ள மாவட்ட வருவாய் அலுவலரிடம் வாங்கிய உரிமத்தில் ஃபேன்சி ரகங்கள் தயாராகும். ஒரே ஆலையின் அறைகளை நான்கைந்து பேருக்குப் பிரித்து உள்குத்தகைக்கு விடுவார்கள். உள்குத்தகைக்காரருக்கு இந்த ஒரு சீசன்தான் கணக்கு. கொடுத்த வாடகையை எடுத்து, மேலே லாபமும் பார்க்க வேண்டும் என்றால் ஆளைக் கூட்ட வேண்டும், வேகத்தைக் கூட்ட வேண்டும். கூலி எண்ணிக்கைக்குத்தான் என்பதால் வேலை செய்யும் பெண்ணும் வேகத்தைக் குறைக்க மாட்டாள். அலுமினியப் பொடியும் பேரியம் நைட்ரேட்டும் கந்தகமும் கலந்த மருந்துக்கு முன்னால் அந்த வேகத்தின் பொருள் உராய்வு. அச்சங்குளத்தில் நடந்ததும் இப்படிப்பட்ட உள்குத்தகைதான் என்று விபத்துக்குப் பிறகு வெளிவந்தது. வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறாத தொழிலாளி இறந்தால், அவர் அங்கே வேலை செய்தார் என்பதையே குடும்பம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது சட்டத்தின் பார்வையில் இதைப் பாருங்கள். நான்கு பேர் அறையில் ஏழு பேர் உட்கார்ந்து மாலை வரை வேலை செய்துவிட்டுப் பத்திரமாக வீடு திரும்பினால் அது ஒரு நிர்வாகக் குறைபாடு. ஆய்வுக்கு அதிகாரிகள் வந்தால் நோட்டீஸ் கொடுப்பார்கள், மிஞ்சினால் உரிமத்தைச் சில நாட்கள் நிறுத்தி வைப்பார்கள். அதே ஏழு பேர், அதே அறை, அதே மருந்து. மதியம் மூன்று மணிக்கு ஒரு பொறி பறந்தால் 10 ஆண்டு சிறைக்குரிய குற்றம். இரண்டுக்கும் இடையில் உரிமையாளர் கூடுதலாகச் செய்த தவறு எதுவும் இல்லை. முதல் நாள் செய்ததைத்தான் மறுநாளும் செய்தார். அதிர்ஷ்டம் மட்டும்தான் மாறியது.

குற்றம் நடப்பது பொறி பறக்கும் நொடியில் அல்ல. ஐந்தாவது ஆளை உள்ளே உட்காரச் சொல்லும்போதே நடந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அதற்குத் தண்டனை இல்லை, இருந்தாலும் வலிப்பதில்லை. முதலிப்பட்டி ஆலையில் விதிமீறல்கள் கண்டறியப்பட்டு உரிமம் ஏற்கெனவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்று விபத்துக்குப் பிறகு அதிகாரிகள் சொன்னார்கள். அப்படியிருந்தும் அன்று உள்ளே நூற்றுக்கணக்கானோர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

ஐயாயிரம் ரூபாய்

வெடிபொருள் சட்டத்தின் 9-பி பிரிவைப் படித்தால் திகைப்பு வரும். விதிகளை மீறி வெடிபொருள் தயாரித்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விதிமீறி வைத்திருந்தால், விற்றால், ஏற்றிச் சென்றால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 3,000 ரூபாய் வரை அபராதம். மற்ற மீறல்களுக்கு 1,000 ரூபாய். தீபாவளிக்கு ஒரு நடுத்தரக் குடும்பம் போடும் பட்டாசு பில் இந்த அபராதங்களைவிடக் கூடுதல். வெடிபொருளைக் கவனக்குறைவாகக் கையாள்வதற்கென்று தனியாக இருந்த பழைய தண்டனைச் சட்டத்தின் 286-ஆம் பிரிவில் ஆறு மாதம் அல்லது 1,000 ரூபாய். சன்ஹிதாவின் 288-இல் அது 5,000 ஆகியிருக்கிறது, ஆறு மாதம் அப்படியே இருக்கிறது.

கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான 304-ஏ 1870-இல் சேர்க்கப்பட்ட பிரிவு. இரண்டாண்டு வரை சிறை, இல்லையென்றால் அபராதம் மட்டும்கூடப் போதும். ஓர் உயிருக்கும் அதே இரண்டாண்டு, நாற்பது உயிருக்கும் அதே இரண்டாண்டு. சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு இதை ஐந்தாண்டாக உயர்த்தி, சிறையையும் கட்டாயமாக்கியிருக்கிறது. குறைந்தபட்சம் எத்தனை நாள் என்று மட்டும் அதுவும் சொல்லவில்லை.

இரண்டாண்டு போதாது என்பதால் காவல் துறை 304(2)-ஐப் போட்டுவந்தது. இன்னது நடந்தால் உயிர் போகும் என்று தெரிந்தே செய்தது, 10 ஆண்டு வரை. எழுதும்போது கனமாகத் தெரியும் இந்தப் பிரிவு நீதிமன்றத்தில் எளிதில் நிற்காது. தெரிந்தே செய்தார் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். ஆதாரம் அத்தனையும் வெடித்துச் சாம்பலான இடத்தில், வேலை கொடுக்கும் முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டியவர் அடுத்த சீசனுக்கு அதே வட்டாரத்தில் வேலை தேட வேண்டியவராக இருக்கும்போது, இந்தச் சுமையை அரசுத் தரப்பு எப்படித் தூக்கும்?

போபால் வழக்கு இதற்குப் பெரிய சாட்சி. 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்த அந்த வழக்கில் 304(2)-இன் கீழ் குற்றச்சாட்டு பதிவானது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அதை 304-ஏ ஆகக் குறைத்தது. 2010 ஜூன் 7 அன்று தீர்ப்பு வந்தபோது இந்திய அதிகாரிகளுக்குக் கிடைத்தது இரண்டாண்டு. அன்றே ஜாமீனும் கிடைத்தது. அந்த நீதிபதியைக் குறை சொல்ல முடியாது. சட்டம் அவர் கையில் கொடுத்திருந்த அதிகபட்சமே அவ்வளவுதான்.

நம் மாநிலத்திலேயே கும்பகோணம் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் கருகினார்கள். தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கப் பத்தாண்டு ஆனது. 2014 ஜூலை 30 அன்று 10 பேர் குற்றவாளிகள், 11 பேர் விடுதலை, பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. 2017-இல் உயர் நீதிமன்றம் அந்த ஆயுள் தண்டனையை ஏற்கெனவே சிறையில் கழித்த காலமாகக் குறைத்து, தண்டனை பெற்றவர்களில் பலரை விடுவித்தது. ஒரே சம்பவம், ஒரே சாட்சியம். ஒரு நீதிமன்றத்துக்கு ஆயுளாகத் தெரிந்தது இன்னொன்றுக்குச் சில ஆண்டுகளாகத் தெரிந்தது. எது சரி என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். எதை வைத்து அளப்பது என்ற அளவுகோல் நீதிபதிகள் கையில் இல்லை என்பதுதான் இங்கே வெளிப்பட்ட உண்மை. தண்டனை விதிப்பதற்கு வழிகாட்டு நெறி வேண்டும், அதற்குச் சட்டப்படியான குழு வேண்டும் என்று குற்றவியல் நீதி முறைச் சீர்திருத்தம் பற்றிய மலிமத் குழு 2003-இலேயே பரிந்துரைத்தது. அப்படியொரு நெறி நம் நாட்டில் இல்லை என்பதை உச்ச நீதிமன்றமும் தன் தீர்ப்புகளில் குறிப்பிட்டிருக்கிறது. இன்று வரை அது வரவில்லை.

சிறைக்குப் போகிறவர் யார்?

இதே 9-பி பிரிவுக்கு இன்னொரு முகம் உண்டு. அதைப் பார்க்காமல் நியாயமான தண்டனை பற்றிப் பேச முடியாது.

தாயில்பட்டி, விஜயகரிசல்குளம், வெம்பக்கோட்டைப் பக்கம் வீட்டிலோ கொல்லைப்புறத் தகரக் கொட்டகையிலோ கருந்திரி திரித்ததாக, சரவெடி பின்னியதாகக் கைது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. கைதாகிறவர்களில் பெண்கள் நிறைய. திரியையும் மருந்தையும் கொண்டுவந்து கொடுத்தவர் வேறு ஒருவர், முடித்ததை வாங்கிப் போகிறவர் வேறு ஒருவர், அதை வைத்துப் பட்டாசு செய்து அட்டைப்பெட்டியில் போட்டு விற்பவர் இன்னொருவர். வழக்கு பதிவாவது திரி திரித்தவர் மேல். ரிமாண்ட், சிறை, ஜாமீன் எடுக்க வக்கீல் பீஸ், அதற்கு வட்டிக்குக் கடன். ஜாமீனில் வந்து அந்தக் கடனை அடைக்க அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: மறுபடியும் திரி.

வீட்டில் திரி திரிப்பது ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. வீடே தரைமட்டமாகி, தொட்டிலில் இருந்த பிள்ளையும் போன விபத்துகள் இங்கே நடந்திருக்கின்றன. அதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் எண்ணிக்கைக் கூலிக்குத் திரி திரித்த பெண்ணையும், ஆலையைக் கூறு போட்டு உள்குத்தகைக்கு விட்டு வாடகை வாங்கியவரையும் ஒரே பிரிவு, ஒரே அதிகபட்சத் தண்டனை என்று வைத்திருக்கும் சட்டம் நடைமுறையில் எளியவரைத்தான் முதலில் பிடிக்கிறது. மற்றவர் ஜாமீன் கிடைக்கும் வரை வெளியூரில் இருக்க வசதி படைத்தவர். முதல்முறைத் தவறு செய்பவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட 1958-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அதை இந்த வழக்குகளில் தாராளமாகப் பயன்படுத்த எந்தத் தடையும் இல்லை. திரி எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று அந்தப் பெண் சொன்னால் அவரைச் சாட்சியாக்கி மேலே இருப்பவரைப் பிடிக்கலாம். அதற்குத் தேவை, மேலே பார்க்கும் மனம்.

தங்கால் சொல்லும் வழக்கு

திருத்தங்கலுக்கு இந்த விவகாரத்தில் மிகப் பழைய பாத்தியதை ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில், கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதைகளில் ஒன்று நடப்பது இந்த ஊரில். அப்போது பெயர் தங்கால்.

சேரனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பராசரன் என்ற அந்தணன் தங்காலில் இளைப்பாறுகிறான். அங்கே விளையாடும் பிள்ளைகளில் வார்த்திகன் என்பவனின் மகன், மழலை மாறாத வாயால் தன்னோடு பிழையில்லாமல் வேதம் ஓதியதில் மகிழ்ந்து, பராசரன் அவனுக்கு நகைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஏழை வீட்டில் திடீரென்று நகை. பொறாமை கொண்ட அரசு ஊழியர்கள், புதையல் எடுத்து மறைத்தான் என்று சொல்லி வார்த்திகனைச் சிறையில் அடைக்கிறார்கள். அவன் மனைவி கார்த்திகை அழுது புரள்கிறாள். கொற்றவை கோயிலின் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் விசாரிக்கிறான், நடந்தது அநீதி என்று தெரிகிறது.

அதற்குப் பிறகு பாண்டியன் செய்ததை இன்றைய சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைக்கலாம். வார்த்திகனை விடுவித்து, என் ஆட்சி பிழைத்தது, பொறுத்துக்கொள் என்று கேட்கிறான். தங்காலையும் வயலூரையும் இழப்பீடாகக் கொடுக்கிறான். அத்தோடு நிற்கவில்லை. சிறைகளைத் திறக்கச் சொல்கிறான், செலுத்த முடியாதவர்களின் வரிபாக்கியைத் தள்ளுபடி செய்கிறான், புதையல் இனிக் கண்டெடுத்தவருக்கே என்று முரசறைகிறான். வார்த்திகனை மாட்டவைத்தது புதையல் விதி. தவறிழைத்த ஊழியரைக் கடிந்துகொண்டு அவன் கதையை முடித்திருக்கலாம். அந்த விதியையே மாற்றினான்.

ஒரு விபத்துக்குப் பிறகு நாம் என்ன மாற்றுகிறோம்? ஆய்வுக் குழுக்கள் அமைக்கிறோம். ஆய்வு வருகிறதென்று தெரிந்தால் ஆலைகள் பூட்டுப் போடுகின்றன. குழு போனதும் திறக்கின்றன.

ஆளுக்கு இருபதாயிரம்

தண்டனை முறையை மாற்றினால் இந்த வட்டாரம் மாறுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இங்கேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது.

தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் விடியற்காலையில் தூங்கி வழிந்தபடி போகும் பிள்ளைகளை இப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பலர் அந்தப் பிள்ளைகளாகவே இருந்தவர்கள். வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை உச்ச நீதிமன்றம் போனது. 1991-இல் பட்டாசு ஆலை விபத்தில் 39 பேர் இறந்ததை நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்டது. 1996 டிசம்பர் 10 தீர்ப்பில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி நலநிதியில் கட்ட வேண்டும் என்று சொன்னது. அந்தக் குழந்தையின் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது.

இதில் மூன்றாண்டா ஐந்தாண்டா என்ற வாதம் இல்லை. விபத்து நடக்கும் வரை காத்திருக்கவும் இல்லை. தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. பத்துக் குழந்தை என்றால் இரண்டு லட்சம். அன்றைய இரண்டு லட்சம் எந்த ஆலைக்கும் வலிக்கும். மறுபக்கம் குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பள்ளிகள், சத்துணவு, பள்ளிக்குப் போனால் கிடைக்கும் உதவிகள் என்று போக்கிடமும் இருந்தது. எல்லாப் பெருமையும் இந்தத் தீர்ப்புக்கே என்று சொன்னால் பொய்யாகும். ஊர் ஊராக அலைந்த ஆசிரியர்களுக்கும், பிள்ளையை எப்படியாவது படிக்கவைத்த தாய்மார்களுக்கும், தீப்பெட்டித் தொழிலில் வந்த இயந்திரங்களுக்கும் பங்குண்டு. ஆனால் ஒரு தலைமுறைக்குள் அந்தப் பஸ்கள் நின்றன. இந்த மண்ணில் எது வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று வேண்டியதில்லை.

தண்டனையின் கொடுமையைவிட அது நிச்சயமாக வரும் என்ற நினைப்புதான் குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியின் பெக்காரியா 1764-இலேயே எழுதினார். பிரிட்டன் அதைத் தொழிற்சாலைக் குற்றங்களுக்குக் கொண்டுவந்த விதம் நமக்குப் பயன்படும். அங்கே 2016 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தண்டனை வழிகாட்டு நெறியில் நீதிபதி முதலில் பார்ப்பது, எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை அல்ல. எத்தனை பேரை எவ்வளவு ஆபத்தில் உட்காரவைத்தார்கள் என்பதை. விபத்தே நடக்காவிட்டாலும் ஆபத்தை உண்டாக்கியதே குற்றம். அடுத்து, நிறுவனத்தின் ஆண்டு விற்றுமுதலைப் பார்த்து அபராதத்தின் அளவை முடிவு செய்கிறார்கள். சிறு நிறுவனத்துக்கு ஒரு தொகை, பெரிய நிறுவனத்துக்குப் பல மடங்கு. நிறுவனத்தின் அலட்சியத்தால் மரணம் நேர்ந்து தண்டனை பெற்றால், அந்தச் செய்தியை நிறுவனமே தன் செலவில் விளம்பரம் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.

செய்யக்கூடியவை

வெடிபொருள் மத்திய அரசின் பட்டியலில் உள்ள பொருள். 1884-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வெடிபொருள் சட்டத்துக்கான வரைவு 2024-இல் கருத்துக் கேட்புக்கு வந்தது. அந்த வரைவு சட்டமாகும் முன் விருதுநகர் மாவட்டத்தின் குரல் அதில் ஏற வேண்டும். அபராதத் தொகையில் ஒரு பூச்சியத்தைச் சேர்ப்பது திருத்தம் ஆகாது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் உட்காரவைத்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் இவ்வளவு என்று தலைக்கணக்கில், ஆலையின் விற்றுமுதலுக்கு ஏற்ப, ஆய்வில் பிடிபட்ட அன்றே விதிக்கப்படும் தொகையாக அது இருக்க வேண்டும். இரண்டாம் முறை பிடிபட்டால் இரட்டிப்பு; மூன்றாம் முறை உரிமம் நிரந்தரமாக ரத்து, வேறு பெயரில் மறுபடி வாங்க முடியாதபடி.

உள்குத்தகையைத் தனிக் குற்றமாக்க வேண்டும். இப்போது அது உரிம நிபந்தனை மீறலாகவே கிடக்கிறது. விட்டவர், எடுத்தவர் இருவருக்கும் சிறை உண்டு என்றால், பெயருக்கு உரிமம் வைத்துக்கொண்டு வாடகை மட்டும் வாங்கும் தொழில் நின்றுபோகும். போர்மேனோடு முடிந்துவிடும் வழக்குகள் லாபம் போய்ச் சேரும் இடத்துக்கும் நகரும். நாற்பதாண்டு மருந்தோடு பழகிய போர்மேன்கள் இங்கே இருக்கிறார்கள். இத்தனை ஆளை உட்காரவைக்காதே என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. வெடித்தால் சிறைக்குப் போகும் பொறுப்பு மட்டும் இருக்கிறது.

இழப்பீடு, தண்டனையின் முதல் பாகமாக வர வேண்டும். அச்சங்குளம் விபத்தைத் தானாக எடுத்து விசாரித்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு அமைத்து விசாரித்தும் பார்த்தது. குற்றவியல் வழக்கைவிட வேகமாகவும் துல்லியமாகவும் நடந்த விசாரணை அது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலகப் பாதுகாப்புத் தொகுப்பில், விதிமீறலால் மரணம் நேர்ந்தால் அபராதம் குறைந்தது ஐந்து லட்சம் என்றும், அதில் பாதிக்குக் குறையாமல் வாரிசுகளுக்கு வழங்க நீதிமன்றம் ஆணையிடலாம் என்றும் இருக்கிறது. ‘ஆணையிடலாம்’ என்பதை ‘ஆணையிட வேண்டும்’ என்றாக்குவது பெரிய காரியமில்லை.

ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு பதில் உண்டு, அதைக் காது கொடுத்துக் கேட்பது நியாயம். பேரியம் தடை, சரவெடித் தடை, பசுமைப் பட்டாசு நிபந்தனை, தீபாவளிக்கு முதல் வாரம் வரை இழுக்கும் நீதிமன்ற வழக்குகள் என்று 2018-இல் இருந்தே தொழில் நெருக்கடியில் இருக்கிறது. தண்டனையையும் கூட்டினால் ஆலைகள் மூடும், வேலை வீடுகளுக்குள் போகும், அங்கே எந்த விதியும் இல்லை என்கிறார்கள். கடைசிச் சொல் உண்மை. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டுகளைக் கூட்டுவதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் நான்கு பேரை நான்கு பேராகவே உட்காரவைத்து, மாலையில் மிச்ச மருந்தை முறையாக அழித்து, நாணயமாகத் தொழில் நடத்துகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆய்வில் பிடிபடாத பக்கத்து ஆலைக்காரர் குறைந்த விலைக்குச் சரக்கைத் தள்ளும்போது நஷ்டப்படுகிறவர் அவர்தான். நிச்சயமான தண்டனை முதலில் காப்பாற்றுவது அவரை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுக்கொண்டுவந்த தீப்பெட்டித் தொழிலில் தொடங்கி, மழையில்லாத இந்தக் கரிசல் காட்டுக்குச் சோறு போட்டது இந்த உழைப்பு. அதை மூட வேண்டும் என்று திருத்தங்கலில் யாரும் கேட்கவில்லை. காலையில் போனவர்கள் மாலையில் திரும்ப வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

நீதிமன்றம் பற்றியும் ஒரு வார்த்தை. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. மற்ற எல்லா வழக்குகளோடும் வெடிவிபத்து வழக்கும் அங்கே வரிசையில் நிற்கிறது. சாட்சி இறந்துபோகிறார், பிறழ்கிறார், வேறு ஊருக்குப் பிழைக்கப் போய்விடுகிறார். இந்த வழக்குகளுக்கென்று ஒரு தனி நீதிமன்றமும், வேதியியல் தெரிந்த வல்லுநர்களின் உதவியோடு வாதாடும் தனி அரசு வழக்கறிஞரும் இருந்தால் ஓராண்டுக்குள் தீர்ப்பு சொல்ல முடியும். மூன்றாண்டுத் தண்டனை அடுத்த தீபாவளிக்குள் வந்தால், பதினைந்து ஆண்டு கழித்து வரும் ஆயுள் தண்டனையைவிட அதிகம் பேரைத் தடுக்கும்.

சட்டம் திருத்த டெல்லி நேரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் ஒன்றைச் செய்யலாம். முதலிப்பட்டி முதல் சின்னக்காமன்பட்டி வரை, உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு விபத்து வழக்கும் இன்று எந்த நிலையில் இருக்கிறது, குற்றப்பத்திரிகை தாக்கலானதா, விசாரணை எதில் நிற்கிறது, யாருக்கு என்ன தண்டனை, குடும்பங்களுக்கு எவ்வளவு இழப்பீடு போய்ச் சேர்ந்தது என்று ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலகத்திலும் ஒவ்வொரு பட்டாசு ஆலை வாசலிலும் தமிழில் ஒட்டட்டும். ஆண்டுக்கு இருமுறை அதைப் புதுப்பிக்கட்டும். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. அதைச் செய்யப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.